கற்பம் என்னும் முழு எண்

நானூற்று முப்பத்திரண்டு கோடி, அதாவது 432,00,00,000. பிரமனின் ஒரு பகற்பொழுது மனித ஆண்டுக் கணக்கில் இவ்வளவு என்று புராணங்களும் வானியல் சித்தாந்த நூல்களும் சொல்கின்றன. இந்தப் பகலுக்குக் கற்பம் என்று பெயர். பகல் முடிந்ததும் பிரளயம். பிறகு அதே நீளமுள்ள ஓர் இரவு. இப்படி 360 பகலிரவுகள் சேர்ந்தது பிரமனின் ஓர் ஆண்டு. 100 ஆண்டு அவன் ஆயுள். பெருக்கிப் பார்த்தால் 3 கோடியே 11 லட்சத்து 4 ஆயிரம் கோடி மனித ஆண்டுகள் வருகின்றன.

இந்த எண்ணைப் பற்றிய பேச்சு வழக்கமாக இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடும். உலகின் கால அளவை முனிவர்கள் ஞானத்தால் அறிந்து சொன்னார்கள் என்பது ஒரு பக்கம். சுழிகளை அடுக்கி வியப்பூட்டும் புராண மிகை என்பது மறுபக்கம். இரு பக்கத்தாரும் எண்ணைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்துப் பார்த்தால், அது அளந்து கண்ட எண்ணும் அல்ல, வாய்க்கு வந்த எண்ணும் அல்ல என்பது தெரியும். ஒரு குறிப்பிட்ட வேலைக்காகக் கட்டப்பட்ட எண் அது. அந்த வேலைக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: வானத்து இயக்கங்கள் அனைத்துக்கும் பொதுவான ஓர் அளவு உண்டு, ஆகவே காலம் மிச்சமில்லாமல் மூடிக்கொள்ளும் என்பது. கற்பம் எழுப்பும் சமயக் கேள்வி உலகின் வயதைப் பற்றியது அல்ல. இந்த நம்பிக்கை சரியா, சரியில்லையென்றால் அந்த எண்ணின் தகுதி என்ன என்பதைப் பற்றியது.

முதலில் கட்டுமானம். மனுஸ்மிருதியின் முதல் அத்தியாயம் கிருத யுகத்துக்கு 4,000 ஆண்டும், அதன் முன்னும் பின்னும் வரும் சந்திகளுக்கு 400 வீதமும் தருகிறது, ஆக 4,800. அடுத்த மூன்று யுகங்கள் 3,600, 2,400, 1,200. நான்கும் சேர்ந்தால் 12,000. விகிதம் 4:3:2:1, கூட்டினால் பத்து. மனுஸ்மிருதியின் சொற்களை மனித ஆண்டாகவே வாசிக்கவும் இடமுண்டு. பின்வந்த நூல்கள் அவற்றைத் தேவர்களின் ஆண்டு என்று கொண்டு, தேவர்களின் ஒரு நாள் மனிதர்களின் ஓர் ஆண்டு என்ற கணக்கில் 360ஆல் பெருக்கின. கலியுகம் 4,32,000, துவாபரம் 8,64,000, திரேதம் 12,96,000, கிருதம் 17,28,000. மொத்தம் 43,20,000, இதுவே சதுர்யுகம் அல்லது மகாயுகம். ஆயிரம் மகாயுகம் ஒரு கற்பம்.

432,00,00,000ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2 பதினொரு முறையும், 3 மூன்று முறையும், 5 ஏழு முறையும் வரும். வேறு பகா எண் எதுவும் இல்லை. எண்ணை மீதியின்றி வகுக்கும் முழு எண்கள் மட்டும் 384. 12, 27, 30, 60, 360 என்று பழைய நாட்கணக்கில் அடிக்கடி வரும் எண்கள் எல்லாம் அவற்றுள் அடங்கும். 2, 3, 5 மூன்றும் 60இன் பகாக் காரணிகள். ஆகவே அறுபதறுபதாகப் பகுக்கும் கணக்கில், அதாவது நாழிகை, விநாழிகை, தற்பரை என்று இறங்கும் கணக்கில், இந்த எண்ணால் எதை வகுத்தாலும் பின்னம் எங்காவது முடிந்துவிடும், முடிவில்லாமல் நீளாது. கையால் கணக்கிடுகிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

60இன் மும்மடிப் பெருக்கம் 2,16,000. அதன் இருமடங்கு 4,32,000, இருபது மடங்கு 43,20,000. பாபிலோனியர் அறுபதின் அடிமானத்தில் எண்ணினார்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய பாபிலோனியப் பூசாரி பெரோசஸ், பிரளயத்துக்கு முன் ஆண்ட அரசர்களுக்கு 120 சார் கொடுத்தார். ஒரு சார் 3,600 ஆண்டு; பெருக்கினால் 4,32,000. இங்கே சதபத பிராமணம் ரிக் வேதத்தை 12,000 பிருகதி அளவுள்ளது என்கிறது. பிருகதிக்கு 36 அசை, ஆக அதுவும் 4,32,000. அதே நூலில் 40 அசை கொண்ட பங்க்தியாக எண்ணினால் 10,800 வரும். ஆண்டுக்கு 360 நாள், நாளுக்கு 30 முகூர்த்தம் என்றால் ஓர் ஆண்டின் முகூர்த்தங்களும் 10,800தான். யார் யாரிடம் கடன் வாங்கினார் என்ற வழக்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக நடக்கிறது. அதைத் தீர்க்காமலே ஒன்று சொல்லலாம்: 360ஐயும் 60ஐயும் அடிப்படையாகக் கொண்டு காலத்தை எண்ணும் எவரும் பெருக்கிக்கொண்டே போனால் இந்த எண்ணின் பக்கம் வந்து சேர்வது அதிசயம் இல்லை.

இந்த எண்ணில் இல்லாத பகா எண் ஒன்று பெரிய தொல்லை கொடுத்தது. அது 7. ஒரு கற்பத்தில் 14 மனுக்கள் ஆட்சி செய்ய வேண்டும் என்பது மரபு. ஆனால் 1,000ஐ 14ஆல் வகுக்க முடியாது. மகாயுகத்தை ஆண்டுகளாக உடைத்தாலும் முடியாது, ஏனென்றால் அந்த எண்ணுக்குள் 7 எங்கேயும் கிடையாது. மரபு கண்ட தீர்வு நேர்த்தியானது. ஒவ்வொரு மனுவுக்கும் 71 மகாயுகம் என்றால் 14 மனுக்களுக்கு 994. மீதி 6. இந்த ஆறையும் 15 சந்திகளாகப் பிரித்து, மனுக்களின் இடையிலும் இரு முனைகளிலும் வைத்தார்கள். ஒவ்வொரு சந்தியும் ஒரு கிருத யுகத்தின் நீளம், அதாவது மகாயுகத்தில் பத்தில் நான்கு; பதினைந்து சந்திக்குச் சரியாக 6. இரு மனுக்களின் நடுவே உலகம் நீரில் மூழ்கிக் கிடக்கும் காலம் என்று சந்திக்கு விளக்கமும் இருக்கிறது. கணக்கில் மிச்சம் விழுந்த இடத்தில் ஒரு பிரளயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

வானியலாளர் ஆரியபடர் இந்த ஒட்டுவேலையை ஏற்கவில்லை. கலி பிறந்து 3,600 ஆண்டு கழிந்தபோது, அதாவது கி.பி. 499இல், தமக்கு 23 வயது என்று எழுதியவர் அவர். மகாயுகம் 43,20,000 ஆண்டு என்பதை வைத்துக்கொண்டு, மனுவுக்கு 72 யுகம், பிரமனின் பகலுக்கு 1,008 யுகம் என்று மாற்றினார். 14 மனுக்களுக்கும் சமப் பங்கு, சந்திகள் தேவையில்லை. 1,008ஐ 7 வகுக்கும் என்பதால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. அவருடைய மகாயுகத்து நாட்களின் எண்ணிக்கையை 7ஆல் வகுத்தால் 5 மிஞ்சும். ஆகவே யுகம்தோறும் தொடக்கக் கிழமை மாறும். 1,008 யுகம் முடிந்தால் மீதி மறைந்து, ஒவ்வொரு கற்பமும் ஒரே கிழமையில் பிறக்கும். நான்கு யுகங்களையும் 10,80,000 ஆண்டு வீதம் சமமாக்கவும் அவர் தயங்கவில்லை. 628இல் இன்னொரு வானியலாளரான பிரமகுப்தர் இதற்காகவே அவரைக் கடிந்தார்: ஸ்மிருதி சொன்ன யுகப் பிரிவை மீறிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. ஓர் எண் வசதியாக இருக்க வேண்டுமா, வேதவழிப்பட்டதாக இருக்க வேண்டுமா என்ற சச்சரவு அப்போதே தொடங்கிவிட்டது.

யுகம் எதற்கு என்ற கேள்விக்கு விடை ஆரியபடரிடம் தெளிவாகக் கிடைக்கிறது. ஒரு நிலையத்திலிருந்து 12 நிமிடத்துக்கு ஒரு பேருந்தும் 18 நிமிடத்துக்கு வேறொரு பேருந்தும் புறப்பட்டால், 36 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டும் சேர்ந்து புறப்படும். பள்ளியில் படிக்கும் மீச்சிறு பொது மடங்கு இதுதான். யுகம் வானத்துக்கான பொது மடங்கு. சூரியன், சந்திரன், ஐந்து கிரகங்கள் எல்லாம் மேட ராசியின் தொடக்கப் புள்ளியில் ஒன்றாக நின்று புறப்பட்டால், மறுபடி அதே புள்ளியில் ஒன்றுகூட எவ்வளவு காலம் ஆகும்? 43,20,000 ஆண்டு என்பது அதற்கான விடை. அந்தக் காலத்தில் ஒவ்வொன்றும் முழுச் சுற்றுகளாகவே சுற்றியிருக்கும். ஆரியபடரின் பட்டியலில் சந்திரனுக்கு 5,77,53,336 சுற்று, செவ்வாய்க்கு 22,96,824, வியாழனுக்கு 3,64,224, சனிக்கு 1,46,564. பின்னம் எதுவும் இல்லை. பின்னம் இல்லாதபடி யுகத்தை எடுத்துக்கொண்டார் என்பதே சரி.

பட்டியலை உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். கிரகங்களின் சுற்றெண்கள் எல்லாம் 4ஆல் மீதியின்றி வகுபடும். காரணம் எளிது. நான்கு யுகங்களும் சமம் என்றால் கலி பிறக்கும்போது மகாயுகத்தில் முக்கால் பங்கு கழிந்திருக்கும். சுற்றெண்ணை 4 வகுத்தால்தான் அந்தக் கணத்திலும் கிரகங்கள் தொடக்கப் புள்ளியில் கூடும். சந்திர உச்சத்தின், அதாவது சந்திரன் பூமிக்கு மிகத் தொலைவில் நிற்கும் புள்ளியின், சுற்றெண் 4,88,219. இதை 4ஆல் வகுத்தால் 3 மிஞ்சும். ராகுவின் எண் 2,32,226, மீதி 2. எனவே கலியின் தொடக்கத்தில் உச்சம் சரியாக 90 பாகையிலும் ராகு சரியாக 180 பாகையிலும் நிற்கின்றன. கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை என்று இன்று குறிக்கப்படும் அந்தச் சூரிய உதயத்தில் வானம் முழுவதும் கால் வட்டங்களாக ஒழுங்குபட்டு நிற்கிறது. இப்படி ஒரு காட்சியை யாரும் பார்த்து எழுதவில்லை. எண்களே அதை வரைகின்றன.

ஆண்டுகளின் எண் இவ்வளவு வளைந்துகொடுக்கும்போது நாட்களின் எண் முரண்டுபிடிக்கிறது. ஆரியபடரின் மகாயுகத்தில் 157,79,17,500 நாட்கள். காரணிகளாக உடைத்தால் 2, 3, 5 ஆகியவற்றோடு 61, 3449 என்ற இரு பகா எண்களும் வருகின்றன. ஆண்டு எண் மனிதர் தேர்ந்தது. நாள் எண்ணோ சூரியனைப் பார்த்து வந்தது. இரண்டுக்கும் பொதுவான 7,500ஆல் வகுத்தால் 576 ஆண்டுக்கு 2,10,389 நாள் என்று சுருங்கும். அதாவது ஆண்டுக்கு 365 நாளும் ஒரு நாளில் 576இல் 149 பங்கும். அறுபதாகப் பகுத்தால் 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை, அங்கேயே முடிந்துவிடுகிறது. குட்டகம் என்னும் முறையில் மீதியைக் கொண்டு கழிந்த நாட்களைக் கண்டுபிடிக்கும் கணக்குகளில், 629இல் ஆரியபடீயத்துக்கு உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் கையாண்ட எண் இந்த 2,10,389. தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டும் இதுவே. 1769இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்கு வந்து, மேகம் மறைத்ததால் ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜந்தீல், உள்ளூர்க் கணிதர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்ட ஆண்டு நீளம் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 நொடி. மணிக்கணக்கில் மாற்றினால் அதே எண். ஆயிரத்து இருநூற்றெழுபது ஆண்டுகளில் அதில் ஒரு நொடிகூட மாறவில்லை.

சூரிய சித்தாந்தம் என்னும் வானியல் நூல் வேறு வழியில் போனது. ஸ்மிருதியின் 4:3:2:1 பிரிவையும் 71 யுக மனுவையும் சந்திகளையும் அப்படியே ஏற்றுக்கொண்டது. அதனால் ஒரு சிக்கல் எழுந்தது. கற்பத்தின் தொடக்கத்திலிருந்து இந்தக் கலியின் தொடக்கம் வரை எவ்வளவு கழிந்தது? ஆறு மனுக்களுக்கு 426 மகாயுகம், ஏழு சந்திகளுக்கு 2.8, ஏழாவது மனுவில் முடிந்த 27, நடப்பு மகாயுகத்தில் கழிந்த மூன்று யுகங்களுக்கு 0.9. கூட்டினால் 456.7 மகாயுகம். தசமத்தில் நிற்கும் இந்த 7 எல்லாவற்றையும் கெடுக்கிறது. சுற்றெண்கள் 4ஆல் வகுபடுமே தவிர, எல்லாமே 10ஆல் வகுபடுவன அல்ல. எனவே கலியின் தொடக்கத்தில் கிரகங்கள் ஒன்றுகூடா; ஆளுக்கொரு பாகையில் சிதறிக் கிடக்கும்.

இங்கே சூரிய சித்தாந்தம் ஒரு செய்தி சொல்கிறது. கற்பம் தொடங்கியதும் கிரகங்கள் நகரத் தொடங்கவில்லை. பிரமன் தேவர்களையும் உயிர்களையும் கோள்களையும் படைத்து முடிக்க 47,400 தேவ ஆண்டுகள் ஆயின. அதன் பிறகே வானம் இயங்கியது. பக்தியோடு படிப்பவருக்கு இது படைப்பைப் பற்றிய செய்தி. பென்சிலோடு படிப்பவருக்கு வேறொன்று புலப்படும். 47,400ஐ 360ஆல் பெருக்கினால் 1,70,64,000 மனித ஆண்டு. அது சரியாக 3.95 மகாயுகம். 456.7இல் 3.95 போனால் 452.75. கால் யுகங்களாக எண்ணினால் 1,811, முழு எண். கிரகங்கள் கலியின் தொடக்கத்தில் மறுபடி ஒன்றுகூடிவிட்டன. கிருத யுகத்தின் முடிவுக்கும் கணக்கு ஒத்துவருகிறது: அதுவரை ஓடியது 195,37,20,000 ஆண்டு, கால் யுகங்களாக 1,809. படைப்புக்குப் பிரமன் எடுத்துக்கொண்ட காலம் ஒரு வகுத்தல் மீதியின் திருத்தம்.

இதைப் பித்தலாட்டம் என்று ஒதுக்குவது எளிது. அது தவறான தீர்ப்பு. அந்த ஆசிரியருக்கு இரண்டு உறுதிகள் இருந்தன: ஸ்மிருதியின் யுகப் பிரிவு பொய்க்காது, வானத்தின் இயக்கங்கள் ஒரு பொதுத் தொடக்கத்திலிருந்து முழுச் சுற்றுகளாக ஓடுகின்றன. இரண்டும் உண்மையானால் இடையில் 3.95 மகாயுகம் இயக்கமில்லாமல் இருந்தே ஆக வேண்டும். அது அவருக்குக் கட்டுக்கதையாக அல்ல, அனுமானமாகவே தோன்றியிருக்கும். இரண்டு உறுதிகளில் எதையும் விடாமல் மூன்றாவது உண்மையைப் பெறுவது இறையியலில் எங்கும் நடப்பதுதான். இங்கே அது எண்களில் நடந்திருப்பதால் நம்மால் சரிபார்க்க முடிகிறது.

கிரேக்கரிடமும் இந்த நம்பிக்கை இருந்தது. எல்லாக் கோள்களும் தொடக்க நிலைக்குத் திரும்பும் முழுமையான ஆண்டைப் பற்றிப் பிளேட்டோ தைமேயுஸ் நூலில் பேசுகிறார். எண் எதுவும் தரவில்லை. ஸ்டோயிக் தத்துவவாதிகள் இன்னும் ஓரடி போய், கோள்கள் திரும்பினால் அதே சாக்ரடீஸ் அதே ஏதென்ஸில் மறுபடி பிறப்பார் என்றார்கள். கற்பக் கோட்பாடு அந்த முடிவுக்குப் போகவில்லை. மனுக்களும் இந்திரர்களும் பதவிகளாகத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். அவற்றில் அமரும் உயிர்கள் வேறு. வினை தீர்ந்த உயிர் சுழலை விட்டே வெளியேறும். காலம் மூடிக்கொள்வதும் உயிர் கட்டுண்டு கிடப்பதும் ஒன்றல்ல என்ற இந்த வேறுபாடு சிறியதல்ல. வானம் திரும்பினாலும் மனிதன் திரும்ப வேண்டியதில்லை என்பதால்தான் இவ்வளவு பெரிய சுழற்சி அச்சத்தைத் தராமல் வழிபாட்டுக்குள் இடம்பெற முடிந்தது. ஒவ்வொரு பூசையின் தொடக்கத்திலும் சங்கல்பம் சொல்பவர் பிரமனின் ஆயுளில் இரண்டாம் பாதி, வராக கற்பம், வைவசுவத மனு, இருபத்தெட்டாம் மகாயுகம், கலியின் முதல் பாதம் என்று இறங்கி, ஆண்டு, மாதம், திதி, கிழமை வரை வந்து தம் பெயரைச் சொல்கிறார். அங்கே கற்பம் பிரபஞ்சத்தின் முகவரி போலவே பயன்படுகிறது. வயதுச் சான்றாக அல்ல.

வயதுச் சான்றாக அதை எடுத்துக்கொள்பவர்கள் இப்போது மிகுதி. பூமியின் வயது 454 கோடி ஆண்டு, கற்பம் 432 கோடி. எவ்வளவு நெருக்கம் என்கிறார்கள். இந்த ஒப்பீடு நிற்காது. 432 கோடி என்பது கற்பத்தின் முழு நீளம்; கழிந்த காலம் அல்ல. மரபின் கணக்கிலேயே கலியின் தொடக்கம் வரை ஓடியது 197,29,44,000 ஆண்டு. பூமியின் வயதோடு ஒப்பிட வேண்டுமானால் அதைத்தான் ஒப்பிட வேண்டும், அது பாதிக்கும் குறைவு. பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடியோ இரண்டிலிருந்தும் விலகி நிற்கிறது. காஸ்மாஸ் தொடருக்காகத் தமிழ்நாட்டில் படம்பிடித்த கார்ல் சேகன், இந்து மரபின் கால அளவுகள் நவீன அண்டவியலின் அளவுகளை ஒத்திருக்கின்றன என்று 1980இல் வியந்து பேசியது அடிக்கடி மேற்கோளாகிறது. அந்த ஒற்றுமை தற்செயலானது என்று அவரே சேர்த்துச் சொன்னது அவ்வளவு மேற்கோளாவதில்லை.

முழு எண்ணின் மீதான நம்பிக்கைக்கு விலை உண்டு. ஆரியபடரின் காலத்தில் சந்திரனும் சூரியனும் எங்கே நின்றன என்பது நன்றாகத் தெரியும். அவை 3,600 ஆண்டுக்கு முன் ஒரே புள்ளியில் நின்றன என்பது நம்பிக்கை. இந்த இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தால் சராசரி வேகம் கிடைத்துவிடும். சந்திரனுக்கு இது அற்புதமாகப் பொருந்துகிறது: அவர் கணக்கில் ஒரு சுற்று 27.32167 நாள், இன்றைய அளவு 27.32166. சனிக்குப் பொருந்தவில்லை. அவர் கணக்கில் சனியின் ஒரு சுற்று 10,766 நாள், இன்றைய அளவு 10,759. கி.மு. 3102இல் சனி உண்மையில் தொடக்கப் புள்ளியில் இல்லை. ஏறத்தாழ ஒரு ராசி பின்னால் இருந்தது. இருக்காத இடத்தில் அதை நிறுத்தியதால் வேகம் குறைந்துபோய், சுற்றுக்கு ஏழு நாள் பிழை தங்கிவிட்டது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கலி 3,600இல் ஒரு கிரகத்தின் இருப்பு சுற்றெண்ணை 1,200ஆல் வகுத்தால் வரும் மீதி. சுற்றெண்ணை நான்கு நான்காகத்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும் என்பதால் இருப்பு 1.2 பாகைக்குக் குறைவாக நகராது. பிழை 0.6 பாகை வரை தவிர்க்க முடியாதது. முழுநிலவின் அகலமே அரைப் பாகைதான்.

பிரமகுப்தர் மகாயுகத்தை விட்டு முழுக் கற்பத்தையும் அலகாகக் கொண்டதற்கு இது ஒரு காரணம். 432 கோடி ஆண்டில் ஒரு சுற்றைக் கூட்டினால் ஓர் ஆண்டின் வேகம் கண்ணுக்குத் தெரியாத அளவே மாறும். இன்றைய இருப்பையோ பெரிதும் நகர்த்திக்கொள்ளலாம். எண் பெரிதாகப் பெரிதாகப் பொருத்துவதற்கு இடம் கூடுகிறது. இந்தச் சுதந்திரத்தின் மறுபக்கம் சூரிய உச்சத்தில் தெரிகிறது. சூரிய சித்தாந்தம் கற்பத்துக்கு 387 சுற்று என்கிறது, பிரமகுப்தர் 480 என்கிறார். முதல் கணக்கில் ஒரு சுற்றுக்கு 1 கோடியே 11 லட்சம் ஆண்டு ஆகும். விண்மீன்களை வைத்துப் பார்த்தால் உண்மையில் அது ஏறக்குறைய 1 லட்சத்து 12 ஆயிரம் ஆண்டு. நூறு மடங்கு வேறுபாடு. அசைவை யாரும் அளக்கவில்லை. முழு எண்ணாக ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்பதற்காக ஓர் எண் இருந்தது.

வானத்துக்குப் பொது அளவு உண்டு என்ற நம்பிக்கையையே கேள்வி கேட்டவர் பதினான்காம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஒரேம். இரு இயக்கங்களின் விகிதம் முழு எண்களால் சொல்லத்தக்கதாக இருப்பதைவிடச் சொல்ல முடியாததாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அப்படியானால் எந்தக் கோள்சேர்க்கையும் அதே புள்ளியில் மறுபடி நிகழாது, பேராண்டு என்ற ஒன்றே கிடையாது என்றார். அவருடைய நூலின் முடிவில் ஒரு கனவு வருகிறது. எண்கணிதமும் வடிவியலும் அப்பல்லோவின் முன் வழக்காடுகின்றன. வானம் முழு எண்களால் ஆனது என்கிறது எண்கணிதம். திரும்பி வராத வானமே அழகு என்கிறது வடிவியல். தீர்ப்பு வருவதற்குள் கனவு கலைந்துவிடுகிறது.

கனவு கலைவது இலக்கிய உத்தி மட்டுமல்ல. தீர்ப்பு சொல்லவே முடியாது. எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் அளவில் ஒரு சிறு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிக்குள் முழு எண் விகிதங்களும் முடிவின்றி உண்டு, விகிதமுறா எண்களும் முடிவின்றி உண்டு. வானம் பொது அளவுடையதா என்பதைக் கண் கொண்டு நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. குறிப்பிட்ட ஓர் எண்ணையும் குறிப்பிட்ட ஒரு தொடக்க நாளையும் மட்டும் மறுக்கலாம். கி.மு. 3102இன் கோள்கூட்டத்துக்கு அதுதான் நேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பெய்யி என்ற பிரெஞ்சு வானியலாளர் அது நேரில் கண்டு எழுதியது என்று வாதிட்டார். பின்னோக்கிக் கணக்கிட்டு வைத்துக்கொண்ட பொதுத் தொடக்கமே அது என்ற லாப்லாசின் மறுப்பே நிலைத்தது. இன்றைய வானியல் கேள்வியையே மாற்றிவிட்டது. உட்கோள்களின் இயக்கத்தில் இன்றுள்ள சிறு பிழை கோடி ஆண்டுக்கு ஏறக்குறைய பத்து மடங்காக வளரும் என்று 1989இல் ஜாக் லாஸ்கார் காட்டினார். பத்துக் கோடி ஆண்டுக்கு அப்பால் கோள்களின் இருப்பைக் கணிக்க முடியாது. கற்பமோ அதைப் போல நாற்பது மடங்குக்கு மேல். நாளின் நீளமும் நிலையாக இல்லை, பூமியின் சுழற்சி தளர்ந்துகொண்டே போகிறது. திரும்பி வருவதா இல்லையா என்பதற்கு முன், எண்ணுவதற்கு நிலையான அலகே கிடையாது.

எண் பொய்த்தால் அதைச் சொன்ன நூலின் தகுதி என்ன? இந்தக் கேள்வியை மரபுக்குள் நின்றே எதிர்கொண்டவர் கேரளத்துத் திருக்கண்டியூரைச் சேர்ந்த நீலகண்ட சோமயாஜி (1444–1544). ஆரியபடர் பிரமனை வணங்கி நூலைத் தொடங்குகிறார், ஆகவே அவர் எண்கள் தெய்வ வாக்கு, திருத்தக்கூடாது என்ற வாதம் அவர் காலத்தில் இருந்தது. பிரமன் நேரில் வந்து எண்களை ஓதிக்கொடுக்கவில்லை. தெய்வ அருள் என்பது அறிவைத் தெளிவாக்குவது, அவ்வளவே என்றார் நீலகண்டர். 1504இல் எழுதிய ஜோதிர்மீமாம்சையில் இதை விரிக்கிறார். சித்தாந்தங்கள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் வானத்தோடு ஒத்துப்போனவை. ஒவ்வாமல் போகும்போது கிரகணங்களையும் கோள்சேர்க்கைகளையும் பார்த்துப் புதிய எண்களைக் கண்டு நூல் செய்ய வேண்டும். ஆசாரமான வைதிகர், சோமயாகம் செய்தவர். அவரிடமிருந்து வந்த கருத்து இது. யுகம், கற்பம் என்ற சட்டகத்தை அவர் உடைக்கவில்லை. அதற்குள் வரும் எண்களுக்கு மட்டும் புனிதத்தன்மையை மறுத்தார். வாக்கியகரணம் என்னும் பஞ்சாங்க நூலுக்கு உரை எழுதிய தமிழ்நாட்டுச் சுந்தரராஜர், நீலகண்டரிடம் ஐயங்களை எழுதிக் கேட்டு விடை பெற்றவர்.

ஆனால் சுந்தரராஜர் உரை எழுதிய வாக்கிய முறை நீலகண்டரின் வழியில் போகவில்லை. இடையிடையே சேர்த்த சில திருத்தங்களோடு பழைய சுற்றெண்களே அதில் நீடிக்கின்றன. அந்த முறையின் ஆண்டு உண்மையான விண்மீன் ஆண்டைவிட ஏறக்குறைய 3 நிமிடம் 20 நொடி நீளம். சனியின் ஏழு நாள் பிழையோ ஐம்பது சுற்றில் ஓராண்டளவு சேர்ந்துவிடக்கூடியது. திருத்தங்களும் அதை முழுதும் ஈடுகட்டவில்லை. நவீன வானியல் அளவுகளைக் கொண்ட திருக்கணிதப் பஞ்சாங்கத்தின்படி சனி கும்ப ராசிக்குள் நுழைந்தது 2023 ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலில் அதே பெயர்ச்சி விழா 2023 டிசம்பர் 20இல் நடந்தது.